வீட்டுப்பாடம் மூளையில் என்ன செய்கிறது?

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஏழாம் வாய்ப்பாட்டை வீட்டுப்பாடமாக எழுதுவதை அருகில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பல பிள்ளைகள் அதை வரிவரியாக எழுதுவதில்லை. முதலில் 1 முதல் 10 வரையிலான எண்களை மேலிருந்து கீழாக எழுதிக்கொள்வார்கள்; அடுத்துப் பெருக்கல் குறிகளை வரிசையாகப் போடுவார்கள்; பிறகு 7 என்ற எண்ணைப் பத்து முறை, அதன்பின் சமக்குறிகளைப் பத்து முறை. கடைசியில், முந்தைய விடையோடு ஏழைக் கூட்டிக் கூட்டி விடைகளை நிரப்புவார்கள். பக்கம் முடிந்துவிடும், மறுநாள் ஆசிரியரின் சிவப்பு மைக் குறியும் விழுந்துவிடும். ஆனால் 'ஏழெட்டு எவ்வளவு' என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை ஒருமுறைகூட விடை தேடியிருக்காது.

பள்ளிகள் வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட வேண்டுமா என்ற விவாதம் பெரும்பாலும் ஒழுக்கம், சுமை, போட்டி ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. கற்றது மனத்தில் எப்படித் தங்குகிறது என்பதைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்திருக்கும் அறிவு அந்த விவாதத்தில் போதிய அளவு இடம்பெறுவதில்லை. அதை முன்வைத்துப் பார்த்தால், வீட்டுப்பாடத்தில் எதைக் காப்பாற்ற வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகவே தெரிகிறது.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். ஒருமுறை கற்ற பட்டியலை மறுபடி கற்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். ஒரு நாளுக்குப் பிறகு அந்த மிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு ஐந்தில் ஒரு பங்காக நின்றது. மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது என்பது இதிலிருந்து தெரிந்தது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஒரே நாளில் 68 முறை திரும்பத் திரும்பப் படித்ததால் கிடைத்த பயனை, மூன்று நாள்களில் பிரித்துப் படித்தபோது 38 முறையிலேயே அவரால் பெற முடிந்தது. உழைப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தும் பலன் குறையவில்லை. இடையில் விழுந்த இடைவெளிதான் அந்த வேலையைச் செய்தது.

வீட்டுப்பாடத்துக்கு ஆதரவான மிக வலுவான வாதம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. காலையில் கேட்ட பாடத்தை மாலையில், பாதி மறந்த நிலையில், மீண்டும் நினைவுக்குக் கொண்டுவர வாய்ப்பளிப்பது வீட்டுப்பாடம். ஆனால் அந்த வாய்ப்பு பயன்பட வேண்டுமானால், பிள்ளை உண்மையிலேயே நினைவைத் துழாவ வேண்டும். 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைப் படித்தபின் ஒரு பிரிவினர் அதையே மறுபடி படித்தனர். மற்றப் பிரிவினர் தாளை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்கள் கழித்து வைத்த தேர்வில் மறுபடி படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ அவர்கள் 42 விழுக்காட்டை நினைவுகூர, மூடிவைத்து எழுதியவர்கள் 56 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒன்றைத் தேடி எடுக்கும் முயற்சியே அதற்கான நினைவுத் தடத்தை உறுதியாக்குகிறது. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளுக்கு நோட்ஸைப் பார்த்து விடை எழுதும் பிள்ளைக்குக் கை வலிக்கும். நினைவைத் துழாவும் வேலை மட்டும் நடந்திருக்காது. இம்போசிஷன் எழுதும் பிள்ளையின் நிலையும் இதுவேதான்.

கணக்குப் பாடத்தில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. ஒரு பயிற்சியில் உள்ள கணக்குகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. முதல் கணக்கை எடுத்துக்காட்டைப் பார்த்துப் போட்டுவிட்டால், மற்றவற்றில் எண்களை மாற்றினால் போதும். எந்த முறையைப் பயன்படுத்த வேண்டும் என்று யோசிக்கும் தேவை எழுவதே இல்லை; தேர்விலோ முதலில் தேவைப்படுவது அதுதான். ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனையில், நான்கு வகைத் திண்மங்களின் கனஅளவு காணும் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகைவகையாகவும் மற்றொரு குழுவுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவகையாகச் செய்தவர்கள் 89 விழுக்காடும் கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடும் சரியாகப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்கள் 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிட, பின்னவர்கள் 63 விழுக்காட்டில் நின்றார்கள். இந்த எண்களை ஒவ்வொரு பெற்றோரும் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். நோட்டில் தவறே இல்லாமல் நிறைந்திருக்கும் பக்கங்கள், பிள்ளை பாடத்தைக் கற்றுவிட்டதற்குச் சான்றாகிவிடுவதில்லை.

அப்படியானால் சின்ன வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் ஏன் பெரிதாக உதவுவதில்லை? டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும், 1987 முதல் 2003 வரை அமெரிக்காவில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். ஏழாம் வகுப்பு முதல், வீட்டுப்பாடத்துக்குச் செலவிட்ட நேரத்துக்கும் தேர்ச்சிக்கும் ஓரளவு தொடர்பு தெரிந்தது. ஆறாம் வகுப்பு வரை அந்தத் தொடர்பு ஏறக்குறைய இல்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தாம் வீட்டுப்பாடத்தையும் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம் என்பதால், இத்தகைய தொடர்பை மட்டும் வைத்துக் காரண காரியம் பேச முடியாது. இருந்தாலும் வயதுக்கு வயது தெரியும் வேறுபாட்டுக்கு விளக்கம் இருக்கிறது. சிறு பிள்ளையின் செயல்நினைவில், அதாவது செய்யும் வேலைக்காக மனம் தற்காலிகமாகப் பிடித்துவைத்திருக்கும் நினைவில், ஒரே நேரத்தில் நிற்கக்கூடியவை மிகச் சில. வீட்டுச் சத்தங்களைப் புறந்தள்ளிக் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் ஆற்றல் மெல்லத்தான் வளர்கிறது. தனக்கு எது தெரிந்திருக்கிறது, எது தெரியவில்லை என்று தானே கணிக்கும் திறனும் அப்படித்தான்.

இவற்றோடு திருத்துபவர் இல்லாத குறையும் சேர்கிறது. 52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால், ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்றும், பத்தாம் இடத்தில் 2 என்றும் எழுதி, விடை 25 என்று முடிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சரியான விடை 15. இப்படி இருபது கணக்குகளை வீட்டில் தனியாகப் போடும் பிள்ளை, தவறான முறையை இருபது தடவை பயிற்சி செய்துகொள்கிறது. நோட்டு ஒரு வாரம் கழித்துத் திருத்தப்பட்டு வரும்போது அந்த முறை அதன் கைக்குப் பழகிப்போயிருக்கும்.

படித்த பெற்றோர் உள்ள வீட்டில் அந்தத் தவறு அன்று மாலையே பிடிபட்டுவிடலாம். இரவுப் பணிக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைக்கும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு இல்லை. 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வின் 2012ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, பொருளாதார வளர்ச்சி பெற்ற நாடுகளில் வசதியான வீட்டு மாணவர்கள், வசதி குறைந்த வீட்டு மாணவர்களைவிட வாரத்துக்குச் சராசரியாக 1.6 மணி நேரம் கூடுதலாக வீட்டுப்பாடம் செய்தார்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி', மாலை வேளையில் தன்னார்வலர் ஒருவரைப் பிள்ளைகளின் வசிப்பிடத்துக்கு அருகிலேயே அமர்த்தியது. வீட்டில் இல்லாத அந்தத் திருத்தும் கையைத் தெருவுக்குக் கொண்டுவந்ததுதான் அதன் சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

உறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் மூளையின் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியின் துணையோடு பதிந்தவை, உறக்கத்தின்போது மறுபடி இயக்கப்பட்டு, மூளையின் வெளி அடுக்கான புறணியில் நிலைபெறுகின்றன. 13 முதல் 18 வயது வரை உள்ளோருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவப் பரிந்துரை. இரவு பதினொன்றரை வரை ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்துவிட்டு, விடியற்காலை டியூஷனுக்கு எழும் பதினொன்றாம் வகுப்பு மாணவி, அன்று கற்றதை நிலைப்படுத்தும் நேரத்தையே அதற்காகக் கொடுத்துவிடுகிறாள்.

சட்டமும் கொள்கையும் இந்தத் திசையில் ஏற்கெனவே நகர்ந்திருக்கின்றன. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பை கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே இல்லை, 3 முதல் 5 வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம், 6 முதல் 8 வரை நாளுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது. பிரான்சு தொடக்கப் பள்ளிகளில் எழுத்து வீட்டுப்பாடத்தை 1956லேயே விலக்கியது. சீனா 2021இல் முதல் இரண்டு வகுப்புகளுக்கு அதை நிறுத்தியது. இந்த வரம்புகள் நேரத்தைத்தான் அளக்கின்றன. அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்பதை ஆசிரியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு வரை எழுத்து வீட்டுப்பாடத்தை முழுவதுமாக நிறுத்திவிடலாம் என்பதே என் முடிவு. கதை ஒன்றை வீட்டிலுள்ளோருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னால் அந்த வயதுக்குப் போதும். உயர்வகுப்புகளில் எண்ணிக்கையைக் குறைத்து இயல்பை மாற்ற வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு இருபது கணக்கு என்றால் ஆசிரியர் முன் எண்ணூறு விடைகள் குவியும். அவற்றை ஒரே நாளில் திருத்த யாராலும் இயலாது. ஆளுக்கு ஐந்து கணக்கு, அவற்றில் இரண்டு இன்றைய பாடத்திலிருந்தும் இரண்டு சென்ற வாரத்திலிருந்தும் ஒன்று சென்ற மாதத்திலிருந்தும், எதற்கு எந்த முறை என்ற குறிப்பே இல்லாமல் கொடுத்தால் இருநூறு விடைகள்தாம் வரும். மறுநாள் முதல் பத்து நிமிடத்தில் கரும்பலகையில் அந்த ஐந்தையும் போட்டுக் காட்டி, மாணவர்களே தத்தம் நோட்டைத் திருத்திக்கொள்ளும்படி செய்துவிடலாம்.