ஒரே ஊர்க்காரர்கள்தானே என்று பேசாமல் விடாதீர்கள்

போன வாரமும் ஒரு குழு உடைந்தது. மூன்று பேரும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். ஊர்த் தேரோட்டத்தை வைத்து ஓர் இசை நாடகம். மெட்டுப் போட்டவருக்கு அது கொண்டாட்டம். பாட்டு எழுதியவர் வளர்ந்ததோ தேர் வராத தெருவில். நாலு மாத ஒத்திகைக்கு அப்புறம்தான் இது வெளியே வருகிறது. ஏன் முன்பே பேசவில்லை என்றால், “நாங்க ஒரே ஊர்தானேண்ணே, இதையெல்லாமா பேசணும்?”

மேடை நிர்வாகியாக இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒரே ஊர் என்றால் ஒரே சொற்கள் தெரியும், அவ்வளவுதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவரவர் மனதில் எழுவது வேறு. வெளியூர்க்காரருக்கு எல்லாவற்றையும் விளக்குவோம். நம்மூர்க்காரரிடம் விளக்க மாட்டோம். அதனால்தான் முதல் வாரமே வந்து தீரவேண்டிய சண்டை அரங்கேற்றத்துக்கு முந்தின வாரம் வருகிறது.

1964-இல் நியூயார்க்கின் நாடக அரங்கத் தெருவான பிராட்வேயில் அரங்கேறி 3,242 முறை நடந்த ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ நாடகத்தைப் பாருங்கள். இசை ஜெர்ரி பாக், பாட்டு ஷெல்டன் ஹார்னிக், கதை வசனம் ஜோசப் ஸ்டைன், இயக்கமும் நடனமும் ஜெரோம் ராபின்ஸ். நால்வரும் அமெரிக்க யூதர்கள், கதையும் ஜார் கால ரஷ்யாவின் யூதக் கிராமத்தில் நடப்பது. அப்படியிருந்தும் ராபின்ஸ் விடவில்லை. இந்த நாடகம் எதைப் பற்றியது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பால்காரரும் அவர் மகள்களும் என்ற பதில் அவருக்குப் போதவில்லை. மரபு கலைந்துபோவதைப் பற்றியது என்று தெளிந்த பிறகுதான் ‘ட்ரெடிஷன்’ (மரபு) என்ற தொடக்கப் பாட்டே பிறந்தது. தனக்குத் தெரியாத உலகமா என்று உட்கார்ந்துவிடாமல், ஆசாரமான யூதர்களின் கல்யாணங்களுக்குப் போய்ப் பார்த்தார். தலையில் பாட்டிலை வைத்து ஆடும் நடனம் அங்கே கிடைத்ததுதான்.

அந்தக் குழுவிலும் உரசல் இருந்தது. 1953-இல், கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் சக கலைஞர்களின் பெயர்களைச் சொன்னவர் ராபின்ஸ். கதாநாயகனாக நடித்த ஸீரோ மாஸ்டல், கம்யூனிஸ்டு என்று சந்தேகப்பட்டவர்களுக்கு வேலை தராமல் ஒதுக்கிய கறுப்புப் பட்டியலால் வேலை இழந்தவர். இருவரும் யூதர்கள் என்பது அந்தக் காயத்தை ஆற்றவில்லை. வேலை மட்டும் நடந்தது. பாக்கும் ஹார்னிக்கும்கூட 1970-இல் அடுத்தொரு நாடகத்தில் இயக்குநரை மாற்றும் விஷயத்தில் மனம் கசந்து பிரிந்தார்கள். அதற்குப் பிறகு சேர்ந்து புது நாடகம் எழுதவே இல்லை.

அதனால் தயவுசெய்து, ஒரு மெட்டுக்கூடப் போடுவதற்கு முன், நாடகம் எதைப் பற்றியது என்று ஆளுக்கொரு வரி தனித்தனியாக எழுதுங்கள். எழுதியதை ஒன்றாக உட்கார்ந்து வாசியுங்கள். உங்கள் ஊர்ச் சடங்கையே மறுபடி நேரில் போய்ப் பாருங்கள், மற்றவர் தெருவில் நின்று பாருங்கள். ஒரு பாட்டை வெட்டுவது யார், இயக்குநரை மாற்றுவது யார், பிரிந்தால் பாட்டு யாருக்கு என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நண்பனிடம் கையெழுத்துக் கேட்பது அவமானம் இல்லை.

அந்த மூவரிடமும் ஏழு பாட்டு இருக்கிறது. ஏழும் நல்ல பாட்டு. யாருடையது என்று ஒரு தாளிலும் இல்லை.