வழுக்கிக்கொண்டு இறங்கும் விஸ்கி

கனடா விஸ்கியை முதல்முறை மோந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது, "இதில் ஒன்றுமே இல்லையே" என்பதுதான். ஸ்காட்லாந்தின் ஐலா தீவுச் சரக்கு மாதிரி புகை மூக்கில் அறையாது. அமெரிக்காவின் கென்டக்கி போர்பன் விஸ்கி மாதிரி கருகிய மரமும் வெனிலாவும் முந்திக்கொண்டு வராது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் மரம், லேசாக ஒரு மசாலா வாடை, அவ்வளவுதான். 'சோடா ஊற்றிக் குடிக்கிற சரக்கு' என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மென்மை தானாக வந்ததல்ல; பார்த்துப் பார்த்து உண்டாக்கியது.

கிரவுன் ராயலை எடுத்துக்கொள்வோம். 1939இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் ராணியும் கனடாவுக்கு வந்தபோது, அவர்களுக்காக சீகிராம் நிறுவனத்தின் சாமுவேல் பிரான்ஃப்மன் உருவாக்கிய கலவை அது. பாட்டிலுக்கு ஊதாநிறச் சுருக்குப்பை போட்டதும் அந்த ராஜ உபசாரத்தின் மிச்சம்தான். (சீகிராம் என்ற பெயரை நம்மூர் பாட்டில்களிலும் பார்த்திருப்பீர்கள். அது கனடாவின் வாட்டர்லூவில் ஆலை நடத்திய ஒருவரின் குடும்பப் பெயர்.) இன்று அந்த விஸ்கி வடிக்கப்படுவது மானிடோபா மாகாணத்தில், வின்னிபெக் ஏரிக்கரையில் இருக்கும் கிம்லி என்ற சிற்றூரில்.

போர்பன்காரர் மக்காச்சோளம், ரை (கோதுமைக்கு உறவான தானியம்), பார்லி மால்ட் (முளைகட்டிய பார்லி) எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு வேகவைத்து, புளிக்கவைத்து, வடிக்கிறார். கிட்டத்தட்ட கூட்டாஞ்சோறு. கனடாவில் பெரும்பாலும் சோறு தனி, குழம்பு தனி. ஒவ்வொரு தானியத்தையும் தனியாக வடித்து, தனித்தனிப் பீப்பாய்களில் வருடக்கணக்கில் வைத்திருந்து, கடைசியில்தான் பிசைகிறார்கள்.

சோறு என்பது அடிப்படை விஸ்கி. மக்காச்சோளத்திலிருந்து, உயரமான தூண் வடிகலத்தில் ஏறக்குறைய 94, 95 சதவீத ஆல்கஹால் வரும்வரை வடிப்பது. தூணுக்குள் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பார்கள். ஆவி ஒவ்வொரு தட்டிலும் குளிர்ந்து, மறுபடி கொதித்து, மேலே ஏற ஏற எத்தனால், அதாவது குடிக்கும் ஆல்கஹால், செறிந்துகொண்டே போகும். காரலும் கனமும் தரும் ஐசோஅமைல் ஆல்கஹால் போன்றவை வழியிலேயே பிரிக்கப்பட்டுவிடும். மேலே வந்து சேர்வது கிட்டத்தட்ட வாசமற்ற திரவம். குழம்பு என்பது சுவை விஸ்கி. இதைக் குறைந்த செறிவிலேயே நிறுத்திவிடுவதால் தானியத்தின் குணம் ஆவியோடு சேர்ந்து வந்துவிடுகிறது. ரை தானியத்தில் செய்தால் கிராம்பு வாடை வரும். ரையின் செல்சுவரில் இருக்கும் ஃபெரூலிக் அமிலம், சூட்டிலும் ஈஸ்ட்டின் வேலையிலும் 4-வினைல்குவாயகால் என்ற பொருளாக மாறுவது அதற்கு ஒரு காரணம். ஓக் மரமும் தன் பங்குக்கு யூஜினால் தருகிறது. நிஜக் கிராம்பின் வாசமும் யூஜினால்தான்.

சோற்றில் குழம்பு எவ்வளவு என்பதுதான் கலவைக்காரரின் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், கனடாவில் 'ரை' என்று கேட்டால் பெரும்பகுதி மக்காச்சோளமாக இருக்கும் விஸ்கிதான் கிடைக்கும். பேர் மட்டும் குழம்பின் பேர்!

ஆனால் அங்கே சோற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. அடிப்படை விஸ்கியும் 700 லிட்டருக்கு மிகாத மரப்பீப்பாயில் 3 வருடமாவது கிடக்க வேண்டும். அமெரிக்காவின் 'பிளெண்டட் விஸ்கி' அப்படியல்ல. அதில் 20 சதவீதம் முதிர்ந்த 'ஸ்ட்ரெய்ட்' விஸ்கி இருந்தால் போதும். மீதி, பீப்பாயையே பார்க்காத வெறும் தானியச் சாராயமாக இருக்கலாம். நம்மூர் மலிவு விஸ்கிகளில் பெரும்பாலானவற்றில் அந்த இடத்தில் இருப்பது கரும்பாலை மொலாசஸிலிருந்து வடித்தது.

சரி, ருசி பார்ப்போம். அடி பருத்து வாய் குறுகிய கோப்பையில் 15 மில்லி போதும். சுழற்றினால் உள்சுவரில் கண்ணீர் போல் வழியும். ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாக, மிஞ்சும் நீரின் பரப்பு இழுவிசை திரவத்தை மேலே இழுத்து, அப்புறம் கனம் தாங்காமல் சொட்டாக இறங்குகிறது. 1855இலேயே ஜேம்ஸ் தாம்சன் விளக்கிவிட்ட விஷயம். இதை வைத்துத் தரம் சொல்பவர்களை நம்ப வேண்டாம். நிறத்தை வைத்துச் சொல்பவர்களையும்தான். கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

மூக்கைக் கோப்பைக்குள் நுழைக்காமல், விளிம்பருகே வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி மோந்து பாருங்கள். நெடி குறைந்து வாசம் தெரியும். பிறகு ஒரு மிடறு. நாக்கில் எரிவது ஆல்கஹாலின் ருசியல்ல. சூட்டையும் மிளகாயையும் உணரும் டிஆர்பிவி1 என்ற அதே ஏற்பிதான் வேலை செய்கிறது. சாதாரணமாக 42 டிகிரி வாக்கில் விழித்துக்கொள்ளும் அதை, எத்தனால் 34 டிகிரி அளவிலேயே எழுப்பிவிடுகிறது. நம் வாயின் சூடே அதற்குச் சுடுகிறது. வெனிலா வாசமோ, நாக்கு உணரும் இனிப்பைக் கூட்டிக் காட்டும். 'வழுக்கிக்கொண்டு இறங்குகிறது' என்று நாம் சொல்வதில் இதற்கும் பங்குண்டு.

தண்ணீர் விடலாமா? 2017இல் ஸ்வீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் கணினியில் மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருந்தால் குவாயகால் என்ற வாசப்பொருள் பரப்பின் பக்கம், அதாவது மூக்குக்கு அருகில், ஒதுங்குகிறது. 59ஐத் தாண்டினால் உள்ளே முங்கிவிடுகிறது. நம் பாட்டில் ஏற்கெனவே 40. ஆகவே வாசத்தைக் கிளப்ப அதிகம் தண்ணீர் தேவையில்லை. ஆனால் குறை கண்டுபிடிக்கத் தேவை. கலவைக்காரர்கள் 20 சதவீதம் வரை இறக்கித்தான் மோந்து பார்ப்பார்கள். நெடி விலகியதும் நகப்பூச்சு நீக்கியின் வாடை, நனைந்த அட்டையின் வாடை எல்லாம் அம்பலமாகிவிடும். மென்மையான விஸ்கிக்குச் சுவை நீளாது, அது குறையல்ல. இனிப்பு மறைந்த பிறகு வெறும் சாராயம் தனியாக நின்றால் குறை. கலவை அங்கே தோற்றுவிட்டது.

இன்னொரு சோதனை கண்ணுக்கானது. 2020இல் அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் வில்லியம்ஸ் குழுவினர், தண்ணீர் கலந்த போர்பன் சொட்டைக் கண்ணாடியில் காயவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, சிலந்திவலை போன்ற பின்னல் தெரிந்தது. ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு வலை. கருக்கிய புது ஓக் பீப்பாயிலிருந்து இறங்கிய, நீரில் கரையாத பொருள்கள்தான் அப்படி மடிந்து நிற்கின்றன. கனடா விஸ்கி பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாயில் கிடந்தது. அதன் சொட்டு வலை பின்னவில்லை.

நுண்ணோக்கி இல்லாவிட்டால் குடித்த கோப்பையைக் கழுவாமல் விட்டுவையுங்கள். காலைக்குள் ஆல்கஹால் முழுக்கப் பறந்திருக்கும். எளிதில் ஆவியாகாத கனமான வாசங்கள் மட்டும் அடியில் காய்ந்து கிடக்கும். பழைய மரப்பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடை, கூடவே கொஞ்சம் வெனிலா.