வெட்டினால் துளிர்ப்பது எது?

எங்கள் வீட்டு கேட்டுக்கு இடப்பக்கம் பச்சைத் தூண் மாதிரி நிற்கும் ஒரு துஜா, வலப்பக்கம் ஒரு செம்பருத்தி. ஒரே நாளில் ஒரே நர்சரியில் வாங்கி, ஒரே அளவு குழி தோண்டி, ஒரே தொழு உரம் போட்டு வைத்தவை. ஐந்தாறு வருடம் கழித்து காம்பவுண்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டி வந்தது. ஏணி வைக்க இடமில்லை. அரிவாளை எடுத்து இரண்டையும் சுவர்ப் பக்கமாக ஒரு முழத்துக்குக் கழித்தேன். செம்பருத்தி மூன்றே வாரத்தில் தளிர் விட்டது. இரண்டு மாதத்தில் முன்பைவிட அடர்ந்துவிட்டது. துஜாவில் வெட்டிய இடம் வெட்டியபடியே இருந்தது. அடுத்த வருடமும் அப்படியே. நான்கு வருடம் ஆகிறது. இன்றைக்கும் சுவர்ப் பக்கம் போய்ப் பார்த்தால், பச்சைப் போர்வையை எலி கடித்த மாதிரி ஒரு பழுப்பு ஓட்டை.

அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் எனக்கு இந்த இரண்டு செடிகளின் மேலும் ஆர்வம் வந்தது. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். பிறகு ஏன் ஒன்று மறந்துவிடுகிறது, இன்னொன்று மறக்க மாட்டேன் என்கிறது?

ஊர்பேர் விசாரித்தால் இரண்டும் பெயரளவிலாவது அக்கம்பக்கத்துக்காரர்கள். நம் நர்சரிகளில் துஜா என்று விற்கப்படுவது பெரும்பாலும் அசல் துஜா இல்லை. அது சீனா, கொரியா பக்கத்து மரம். இன்றைய அறிவியல் பெயர் பிளாட்டிகிளாடஸ் ஓரியன்டாலிஸ். வடக்கே மோர்பங்கி, அதாவது மயிலிறகு என்பார்கள். விசிறி மாதிரித் தட்டையாகச் செங்குத்தாக நிற்கும் அதன் கிளைகளைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும். அசல் துஜாவுக்கு இலைக்கொத்தின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும்; இதற்கு இரண்டு பக்கமும் ஒரே பச்சை. செம்பருத்தியின் அறிவியல் பெயரோ ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ்; அதன் பின்பாதிக்கு 'சீனத்து ரோஜா' என்றே பொருள். இரண்டுக்கும் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் ஒரே நூலில் பெயர் வைத்தார். ஆனால் வம்சம் என்று பார்த்தால் இரண்டும் பிரிந்து 30 கோடி வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. துஜா ஊசியிலை மரங்களின் வழி. பூவும் இல்லை, பழமும் இல்லை, கூம்பு மட்டும்தான். செம்பருத்தி பூக்கும் தாவரங்களின் வழி. பூ என்ற ஏற்பாடு உலகத்துக்கு வந்தே ஏறக்குறைய 13 கோடி வருடம்தான் ஆகிறது.

சரி, ஓட்டைக்கு வருவோம்.

செம்பருத்தியின் ஒவ்வொரு இலையும் தண்டோடு சேருகிற கக்கத்தில் ஒரு சின்ன மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். இலை பழுத்து உதிர்ந்தாலும் அந்த மொட்டு பட்டைக்குள் உயிரோடு இருக்கும். கிளையின் நுனி ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 'நான் இருக்கிறேன், நீங்கள் படுங்கள்' என்று பக்க மொட்டுகளுக்குச் சொல்கிற மாதிரி. நுனியை வெட்டியதும் அந்தச் சேதி நின்றுவிடும். கீழே இருப்பவை ஒவ்வொன்றாக எழும். ஒன்றை வெட்டினால் இரண்டு மூன்றாகக் கிளைப்பது இதனால்தான். செம்பருத்தி புதுக் கொழுந்தில்தான் பூக்கும் என்பதால் கவாத்து செய்த செடி அதிகம் பூப்பதும் இதே கணக்கு.

துஜாவின் பழைய கிளையில் இப்படி உறங்கும் மொட்டு அநேகமாகக் கிடையாது. உயிருள்ள வளர்நுனிகள் எல்லாம் வெளியே, பச்சைப் போர்வையில்தான் இருக்கின்றன. செதில் செதிலாகத் தண்டோடு ஒட்டிக் கிடக்கும் இலைகளைக் கொஞ்சம் விலக்கி உள்ளே எட்டிப் பாருங்கள். வெளிச்சம் விழாத உட்பகுதி முழுக்கப் பழுப்பாக, வெறும் சுள்ளியாக இருக்கும். வெளியிலிருந்து பார்க்கத் திண்மையான பச்சைத் தூண், உள்ளே காலி. நான் வெட்டியது அந்தப் பச்சைத் தோலைத் தாண்டி. துளிர்க்க அங்கே ஆளே இல்லை. ஆக, துஜாவுக்குக் கத்தரி வைக்க வேண்டுமென்றால் பச்சை இருக்கும் வரை மட்டும், அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. விட்டுவிட்டு ஒரே நாளில் சரிசெய்யலாம் என்பது இந்தச் செடியிடம் நடக்காது. எல்லா ஊசியிலை மரங்களும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலிபோர்னியாவின் கடலோர ரெட்வுட் மரங்களை அடியோடு வெட்டினாலும் தூரிலிருந்து வளையமாகத் துளிர்க்கும்.

'எவர்கிரீன்' என்று சொல்லி நர்சரியில் துஜாவை விற்பதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. நம் சமவெளியில் செம்பருத்தியும் வருடம் முழுக்கப் பச்சைதான். வித்தியாசம் பச்சையில் இல்லை, ஒரு இலைக்குச் செடி எவ்வளவு செலவழிக்கிறது என்பதில். செம்பருத்தி இலை மெல்லியது, அகலமானது. சில மாதம் உழைத்துவிட்டு மஞ்சளாகி விழும். அந்த இடத்தில் இன்னொன்று வரும். துஜா இலை தடித்த மெழுகுப் பூச்சோடு, பிசினோடு, சில வருடம் தாங்குகிற மாதிரி கட்டப்பட்டது. காலி இடம் கிடைத்ததும் முதலில் போய் உட்கார்வது செம்பருத்தி வகை. மண் ஏழையாகவும் குளிர் கடுமையாகவும் இருக்கிற இடத்தில் நின்று பிடிப்பது துஜா வகை. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் ஒன்றே ஒன்றுதான்: மேற்குத் தொடர்ச்சி மலையின் நாகியா வாலிச்சியானா. அதற்கும் ஊசியிலை இல்லை, அகன்ற இலை! ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாம் போட்டோ எடுத்துக்கொள்ளும் பைன்கள் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தவை.

வேகத்துக்கும் நிதானத்துக்கும் மூல காரணம் உள்ளே ஓடும் தண்ணீர்க் குழாய்கள். இந்த இடத்தில் கொஞ்சம் பிளம்பிங் பேச வேண்டும்.

துஜாவின் மரக்கட்டையில் பத்தில் ஒன்பது பங்கு டிரக்கீடு என்ற செல்கள். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் நீளம், தலைமுடியைவிட மெல்லியது, இரண்டு முனையும் மூடியது. தண்ணீர் ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் பக்கச் சுவரில் இருக்கும் நுண்ணிய குழிகள் வழியாகத்தான் போக வேண்டும். பூக்கும் தாவரங்களில் அகலமான செல்கள் வரிசையாக நின்று, நடுச்சுவர் கரைந்துபோய், நீண்ட குழாயாகவே ஆகிவிடுகின்றன. அகலம் எவ்வளவு முக்கியம் என்பது வீட்டுக்குப் பைப் போட்டவர்களுக்குத் தெரியும். அரை இஞ்ச் பைப்பை ஒரு இஞ்ச் ஆக்கினால் தண்ணீர் இரண்டு மடங்கு வரும் என்று நினைப்போம். சீராக ஓடும் திரவத்துக்குக் கணக்கு வேறு: விட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் 16 மடங்கு, ஐந்து மடங்கானால் 625 மடங்கு. இலையிலும் இதே கதைதான். பூக்கும் தாவரங்களின் இலையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சராசரியாக 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு நரம்பு ஓடுகிறது. மற்ற தாவரங்களில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். தண்ணீர் தாராளமாக வந்தால் இலைத்துளைகளைத் தாராளமாகத் திறந்து வைக்கலாம். கரியமில வாயு அதிகம் உள்ளே வரும், மாவுச்சத்து அதிகம் தயாராகும். ஒரு நாள் வாழும் பூவைத் தினமும் விரித்துத் தூக்கிப் போடுகிற செம்பருத்தியின் ஊதாரித்தனத்துக்கு முதல் இங்கிருந்துதான் வருகிறது.

அகலக் குழாய்க்கு ஒரு ஆபத்தும் உண்டு. கிணற்று மோட்டார் 'ஏர் பிடித்துக்கொண்டால்' என்ன ஆகும்? மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. செடிக்குள்ளும் அதேதான். வறட்சியில் இலைகள் மேலிருந்து இழுக்க, கீழே தண்ணீர் இல்லாமல் போக, நீர்த்தம்பம் அறுந்து குழாயில் காற்று புகுந்துவிடும். உறைபனியிலும் நீரில் கரைந்திருந்த காற்று குமிழாகப் பிரியும். அகலமான நீண்ட குழாய் என்றால் போவது பெரிய வழி. டிரக்கீடில் காற்று புகுந்தால் போவது அந்த ஒரு செல் மட்டும்தான். துஜாவின் உறவுக்காரர்கள் பலவற்றிடம் இதற்கென்றே ஒரு அருமையான ஏற்பாடு இருக்கிறது. குழிகளின் நடுவே சல்லடை மாதிரி ஒரு சவ்வு, அதன் மையத்தில் தடித்த ஒரு மூடி. ஒரு பக்கம் காற்று புகுந்ததும் மூடி அடுத்த பக்கம் இழுபட்டு வாயை அடைத்துவிடும். கிணற்றில் போடும் ஃபுட் வால்வு மாதிரி, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில்!

இந்தப் பிளம்பிங் தெரிந்தால் தோட்டத்தில் ஒரு ஏமாற்றத்திலிருந்து தப்பிக்கலாம். செம்பருத்திக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் மத்தியானமே இலையைத் தொங்கப் போட்டுச் சொல்லிவிடும். ஊற்றினால் சாயங்காலம் நிமிர்ந்துவிடும். துஜா சொல்லாது. மெழுகுப் பூச்சும் விறைத்த இலையும் இருப்பதால், வேர் காய்ந்து செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். பழுப்பு தெரியும்போது காரியம் முடிந்து நாளாகியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு வெட்டி வந்த மரம் ஜனவரி வரை பச்சையாக இருப்பதும் இதனால்தான். நான் வாங்கிய முதல் துஜா இப்படித்தான் என்னை ஏமாற்றியது. வாங்கும்போதே செத்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஒரு சிறு நுனியை விரலால் வளைத்துப் பார்க்கிறேன். வளைந்தால் வாங்குவேன், பொடிந்தால் வேண்டாம்.

பிள்ளை பெறுகிற விஷயத்தில் செம்பருத்திக்குத்தான் எல்லாரும் ஓட்டுப் போடுவார்கள். நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கும் தூணில் மகரந்தப் பைகள் சுற்றிலும் ஒட்டியிருக்க, உச்சியில் ஐந்து சூல்முடிகள் வெல்வெட் புள்ளிகளாக நிற்கும். தேன் பூவின் அடியில். மூக்கை நுழைக்க வருகிற தேன்சிட்டு மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். ஒட்டிக்கொண்டு போவதற்காகவே அந்த மகரந்தம் முள்முள்ளாக, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக இருக்கிறது. கறுப்புத் துணியில் தட்டினால் தனித்தனி மணியாகக் கண்ணுக்கே தெரியும். அடுக்குச் செம்பருத்திக்கு இந்த வேலை சரியாக வராது, காரணம் அதில் மகரந்தத் தாள்களே இதழாக மாறிவிட்டன. பூவின் வெளிவட்டத்திலிருந்து உள்வட்டம் வரை எது இதழ், எது தாள் என்று தீர்மானிப்பது சில மரபணுக்களின் கூட்டு என்று கோயன், மேயரோவிட்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1991-ல் விளக்கினார்கள். அதில் ஒன்று சொதப்பினால் அடுக்குப் பூ. நாம் அதை அழகு என்று கொண்டாடுகிறோம்.

துஜாவுக்கு யாரும் ஓட்டுப் போட மாட்டார்கள், நான் போடுவேன். அதன் இளம் கூம்பு கண்ணில் படாத அளவு சின்னது. சூலை மூடி வைக்கச் சூலகம் இல்லை. சூல்கள் திறந்தே கிடக்கும். மகரந்தம் பறக்கும் பருவத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு சூலின் வாயிலும் ஒரு நுண்ணிய நீர்த்துளி மின்னும். காற்றில் வரும் பொடி மகரந்தம் அதில் விழுந்து சிக்கும். துளி மெதுவாக உள்வாங்கும்போது மகரந்தத்தையும் சூலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். தேனும் வேண்டாம், சிட்டும் வேண்டாம், ஒரு சொட்டு போதும். பிறகு அந்தக் கூம்பு நீலம் பூத்த பச்சையில் சின்னக் கொக்கிகளோடு திரளும். சிறுவர்கள் அதைக் காய் என்று பறிப்பார்கள். முற்றியதும் பழுப்பாகி வாய் பிளந்து, இறக்கையில்லாத விதைகளைக் கீழே விடும்.

ஊசியிலை மரங்களின் பிடிவாதத்துக்கு இன்னொரு உதாரணம், நாம் கிறிஸ்துமஸ் மரம் என்று வைக்கிற அரக்கேரியா. அதன் பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால், செடி மேலே வளராது. ஆயுசு முழுக்கக் கிளை மாதிரியே படுக்கைவாட்டில் போகும். தான் யார் என்பதை அந்தக் கிளை மறப்பதில்லை. அரக்கேரியா குடும்பத்திலேயே குக் பைன் என்று ஒன்று உண்டு. பூமத்திய ரேகையை நோக்கிச் சாய்ந்து வளர்வது அதன் குணம் என்று 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. வடக்கு அரைக்கோளத்தில் தெற்கே சாயும், தெற்கில் வடக்கே சாயும்; சராசரியாக 8 பாகைக்கு மேல்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "கேட்டு ஓரமா வைக்கணும் தம்பி, எது நல்லது? அதுவா, இதுவா?" என்றார். இடத்தைப் போய்ப் பார்த்தேன். சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே மூன்றடி. துஜாவை அங்கே வைத்தால் சில வருடத்தில் சுவரை உரசும். அப்புறம் பச்சையைத் தாண்டி வெட்டத்தான் வேண்டியிருக்கும், என் வீட்டு ஓட்டை அவர் வீட்டுக்கும் வரும். அதற்குச் சுற்றிலும் நாலடியாவது வெயிலும் காற்றும் படுகிற இடம், தண்ணீர் தேங்காத மண், வருடத்துக்கு இரண்டு தடவை மேலோட்டமாகக் கத்தரி போட ஆள், இவ்வளவும் வேண்டும். அவருக்குப் பூஜைக்குப் பூவும் வேண்டும். மாவுப்பூச்சி வரும், வேப்பெண்ணெய்க் கரைசலோடு அலைய வேண்டியிருக்கும் என்று எச்சரித்துவிட்டு, செம்பருத்தியில் பென்சில் தடிமனுக்கு ஆறு போத்து வெட்டிக் கொடுத்தேன். நேற்று கேட்டேன். நாலு துளிர்த்துவிட்டதாம்.