அரிசி இருக்கிறது, பயறுதான் இல்லை

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் உணவியல் பிரிவில் பணிபுரியும் நான், குளச்சலை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றில் இளைஞர்களும் மகளிர் சுயஉதவிக் குழுவினரும் சேர்ந்து நடத்தும் உணவு வங்கிக்குச் சில ஆண்டுகளாக ஆலோசனை சொல்லி வருகிறேன். வங்கி என்றவுடன் பெரிதாக எதையும் எண்ணிவிட வேண்டாம். ஓடு வேய்ந்த ஓர் அறை, இரண்டு இரும்பு அலமாரிகள், ஒரு தராசு, ஒரு கணக்கு நோட்டு, அவ்வளவுதான். 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய முதல் உணவு வங்கி, கடைகளில் விற்காமல் மிஞ்சிய பொருட்களைப் பெரிதும் நம்பி வளர்ந்தது. எங்களுடையது வீடுகளை நம்பி நடப்பதால், அலமாரியில் என்ன இருக்கும் என்பதைக் கொடுக்கிறவர்களே தீர்மானித்து விடுகிறார்கள்.

முதல் சேகரிப்பின்போது "உணவுப் பொருள் தந்து உதவுங்கள்" என்று மட்டும் அறிவித்தோம். வந்ததில் பெரும்பகுதி அரிசி. அதில் வியப்பில்லை, உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே போடும் பிடியரிசிப் பழக்கமும், அய்யாவழி வழிபாட்டிடங்களான பதிகளில் நடக்கும் அன்னதர்மமும் உள்ள மாவட்டத்தில் தானம் என்றால் கை அரிசிப் பானைக்குத்தான் போகும். நாங்கள் செய்த தவறு, வந்ததையெல்லாம் ஒரே சாக்கில் கொட்டியது. பச்சரிசி, ரேஷன் புழுங்கலரிசி, சம்பா அரிசி மூன்றும் கலந்துவிட்டன. அடுத்த வாரம் ஒரு மூதாட்டி வடித்த சோற்றைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து காட்டினார். "பச்சரிசி கொழஞ்சு போச்சு, சம்பா இன்னும் வேகல்ல மக்களே, இத எப்பிடித் தின்ன?" என்று அவர் கேட்டதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. வேகும் நேரம் வேறுபடும் அரிசிகளைக் கலக்கக் கூடாது என்பது சமைக்கிற எவருக்கும் தெரியும். திட்டம் போட்ட எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

அதைவிட முக்கியமானது, அவர்களிடம் அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு இல்லை என்பது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. எங்களுக்கு வந்த அரிசியிலும் கணிசமான பங்கு ரேஷன் அரிசியே. ஒரு வீட்டின் ரேஷன் அரிசியை வாங்கி இன்னொரு ரேஷன் அட்டைக்காரருக்குக் கொடுக்க ஓர் அமைப்பு தேவையில்லை.

குறைவது புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் தேவை. 300 கிராம் அரிசியைச் சமைத்து உண்டால் அதில் ஏறத்தாழ பாதிதான், அதாவது 23 கிராம்தான் கிடைக்கும். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலமும் குறைவு. மற்றப் பாதியை நம் கடற்கரையில் வழக்கமாகச் சாளையும் நெத்திலியும் ஈடுகட்டுகின்றன. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; சிறு படகுகளான வள்ளங்கள் கடல் இடம் கொடுக்கும் நாட்களில் மட்டும் போகும். அதே வாரங்களில்தான் மலையோரப் பகுதியில் மழையால் ரப்பர் பால்வெட்டும் தடைப்படுகிறது. மீனவக் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் உண்டு என்றாலும், மீனைத் தலைச்சுமையாக வாங்கி விற்கும் முதிய பெண், ஐஸ் உடைக்கும் கூலியாள், வேலை நின்றுபோன அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) தொழிலாளி ஆகியோரில் பலர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அந்த வீடுகளில் சோறு இருக்கும். தொட்டுக்கொள்ள ஒரு வத்தலோ ஊறுகாயோ இருக்கும். சர்க்கரை நோய்க்காக என்னிடம் வருகிறவர்களின் உணவு நோட்டைப் பார்த்தாலே தடைக்காலம் தொடங்கிவிட்டது தெரிந்துவிடும்.

ஆகவே இப்போது நாங்கள் கேட்பது பயறு. கஞ்சியும் பயறும் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. யாருக்கும் சமைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 50 கிராம் சிறுபயறு சுமார் 11 கிராம் புரதத்தைத் தருவதோடு, அரிசியில் குறையும் லைசினையும் நிரப்புகிறது. மாதக் கணக்கில் ஆளுக்கு ஒன்றரைக் கிலோ. காசநோயாளிகளுக்கென மத்திய அரசின் நிக்ஷய் மித்ரா திட்டம் வகுத்த மாதாந்திர உணவுக் கூடையிலும் பருப்பு வகை ஒன்றரைக் கிலோதான். பயறுடன் நிலக்கடலை, சமையல் எண்ணெய், அயோடின் உப்பு ஆகியவற்றையும் கேட்கிறோம். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் பயறின் அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும் என்பதால், பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போதே அதைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம்.

கேட்கும் முறையையும் மாற்றினோம். ஊரில் உள்ள ஒவ்வோர் அன்பியத்துக்கும் (கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த குழு) ஒரு பொருள் என்று ஒதுக்கி, அளவையும் பெயரையும் அச்சிட்ட துணிப்பையை ஒரு வாரம் முன்னதாகவே வீட்டில் கொடுத்துவிடுகிறோம். பட்டியல் முழுவதையும் கொடுத்தால் எல்லாரும் எளிதானதையே எடுப்பார்கள்; ஒரே பொருளைச் சொன்னால் மறக்காமல் வாங்குகிறார்கள். பணமாகத் தருகிறவர்களின் தொகைக்கு ரசீது எழுதி, குறைவதைக் கோட்டாறு கம்பளம் சந்தையில் மொத்த விலைக்கு வாங்குகிறோம்.

சேகரிப்பை மே மாதத்தின் நடுவில் வைத்துக்கொள்வதற்குத் தடைக்காலம் மட்டும் காரணமல்ல. பயறைத் தார்ப்பாயில் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துத்தான் கட்ட வேண்டும். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் அந்த வெயில் கிடைக்காது; ஈரத்தோடு கட்டிய ஒரு மூட்டையில் வண்டு விழுந்தால் அலமாரி முழுவதும் பரவும். நிலக்கடலை இன்னும் ஆபத்தானது. ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உருவாகும், வறுத்தாலும் அது முழுமையாக நீங்குவதில்லை. நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கும் கடலையை எடை பார்க்காமல் கொட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குவதும் இதனால்தான்.

சிலவற்றை நாங்கள் பெறுவதில்லை, அதற்காகச் சிலரின் மனத்தாங்கலுக்கும் ஆளாகியிருக்கிறோம். குழந்தைகளுக்கான பால்மாவு டின்களும் பால்புட்டிகளும் அவற்றில் முதன்மையானவை. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனாதை இல்லங்களுக்கன்றி வேறு எவருக்கும் அவற்றை நன்கொடையாக வழங்கக் கூடாது. இலவச டின் தீரும்போது தாய்ப்பாலும் வற்றியிருக்கும் என்பதே அதன் காரணம். திருமண மண்டபங்களில் மிஞ்சும் சமைத்த உணவையும் ஏற்பதில்லை. 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ வைத்திருக்க எங்களிடம் வசதி இல்லை. பிஸ்கட், நூடுல்ஸ், ஊறுகாய், கருவாடு ஆகியவை வந்தால் மறுப்பதில்லை என்றாலும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள முதியவர்களின் பையில் அவற்றைப் போடுவதில்லை. காலாவதிக்கு மூன்று மாதமாவது மிச்சம் இல்லாத பாக்கெட்டுகளைக் கொடுத்தவரிடமே திருப்பித் தருகிறோம்.

யாருக்குத் தேவை என்பதை மேடையில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுசெல்லும் பெண் தன்னார்வலர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் எந்த அடுப்பு எரியவில்லை என்பது தெரியும். அவர்கள் சொல்லும் வீட்டுக்கு மாலை மங்கிய பிறகு பை போகும். படம் எடுப்பதில்லை என்று முதல் ஆண்டே முடிவு செய்தோம். அதனால் நன்கொடை குறைந்தது உண்மை, பெற்றுக்கொள்ள வருகிறவர்கள் கூடியதும் உண்மை.

கடந்த முறை அச்சிட்ட அறிவிப்பில் அரிசி என்ற சொல்லே இல்லை. ஆனாலும் இரண்டு மூட்டை வந்தன. இரண்டும் சம்பா, கலப்பில்லாதவை, வாயைத் தனித்தனியே கட்டியவை. எடை போட்டு நோட்டில் குறித்துக்கொண்டு, பக்கத்து ஊர் முதியோர் இல்லத்துக்குக் கஞ்சிக்கென அனுப்பிவைத்தோம், நான்கு கிலோ பயறும் சேர்த்து.