'பரிசு நீதிமன்றம்'னு ஒண்ணு கிடையாதுங்க

திரும்பவும் அதே "பரிசு நீதிமன்றம்". இங்கிலீஷ்ல 'ப்ரைஸ் கோர்ட்'னு இருக்கிறதைத்தான் இப்படி மாத்திடறாங்க. பழைய காலத்து கடல் வியாபாரம் பத்தி தமிழ்ல மொழிபெயர்ப்பா வர்ற எதைத் தொறந்தாலும் இது வந்து உக்காந்துக்குது. "வணிகரின் கப்பல் சட்டப்படியான பரிசு என அறிவிக்கப்பட்டது"ன்னு எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிடறாங்க. படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க, ஏதோ போட்டி நடந்திருக்கு, வியாபாரி ஜெயிச்சுட்டாருன்னுதானே? நடந்தது என்னன்னா அந்த மனுஷனோட கப்பலும் சரக்கும் ஒரே தீர்ப்புல கையவிட்டுப் போயிருக்கு.

விஷயம் இதுதான். ரெண்டு நாட்டுக்கு சண்டை நடக்கும்போது ஒரு நாட்டோட போர்க்கப்பலோ, அரசாங்கத்துகிட்ட லைசன்ஸ் வாங்கின தனியார் கப்பலோ, எதிரி நாட்டு வியாபாரக் கப்பலைக் கடல்ல மடக்கிப் பிடிக்கும். பிடிச்ச கப்பலுக்குப் பேரு ப்ரைஸ். பிடிச்சவுடனே அது பிடிச்சவனுக்கு சொந்தமாகிடாது, கோர்ட்டுக்குக் கொண்டு போகணும், அங்க விசாரிச்சு இது எதிரியோட சொத்துதான்னு முடிவானாத்தான் விக்கலாம், பங்கு போடலாம். அந்தக் கோர்ட்டு ப்ரைஸ் கோர்ட். இங்கிலாந்துல அட்மிரால்டி ஐகோர்ட் இந்த வேலையப் பாத்துச்சு.

இந்த ப்ரைஸுக்கும் ஸ்கூல்ல குடுக்குற ப்ரைஸுக்கும் எழுத்து ஒண்ணு, வேர் வேற. கப்பல் ப்ரைஸ் பழைய பிரெஞ்சு 'ப்ரீஸ்'லேர்ந்து வருது, அதுக்கு மூலம் லத்தீன் 'ப்ரெஹெண்டெரே', பிடிக்கிறது. ஸ்கூல் ப்ரைஸுக்கு மூலம் லத்தீன் 'ப்ரெட்டியம்', விலை. ஸ்பானிஷ்ல, போர்ச்சுகீஸ்ல எல்லாம் பிடிச்ச கப்பல் 'ப்ரேசா', போட்டில ஜெயிச்சா கிடைக்கிறது வேற சொல்லு, குழப்பமே இல்ல. ஜெயிலுக்குச் சொல்ற ப்ரிசன் கூட அந்தப் பிடிக்கிற வேர்லேர்ந்து வந்ததுதான், இத ஞாபகம் வெச்சுக்கங்க, கீழ தேவைப்படும். நம்ம பரிசு, புலவருக்கு அரசன் குடுத்த பரிசில், கல்யாணத்துக்கு முன்னாடி போடுற பரிசம், இது எல்லாமே ஒருத்தர் மனசாரக் குடுக்குறது. பீரங்கிய நீட்டி எடுத்துக்கிட்டதுக்கு அந்தச் சொல்லைப் போட எப்படித்தான் கை வருதோ.

1748ல இந்தியப் பெருங்கடல்ல பிரிட்டிஷ் கடற்படை 'சாந்தா கத்தரினா'ன்னு ஒரு கப்பலைப் பிடிச்சுது. அதுல சரக்கு ஏத்தியிருந்தது ஜுல்ஃபா ஆர்மீனியர்கள். பாரசீகத்து ஷா அப்பாஸ் 1604-05ல இவங்க முன்னோர்களை ஜுல்ஃபாங்கிற ஊரோட கிளப்பி இஸ்ஃபஹான் பக்கத்துல அதே பேர்ல குடி வெச்சாரு, அங்கேர்ந்து இவங்க ஒரு பக்கம் லண்டன், இன்னொரு பக்கம் மணிலா வரைக்கும் வியாபாரம் பண்ணினாங்க. ஜுல்ஃபாவுல உக்காந்து ஒருத்தர் முதல் போடுவாரு, இன்னொருத்தர் அந்தப் பணத்தோட ஊர் ஊரா வருஷக்கணக்கா சுத்தி, திரும்பி வந்து கணக்கு குடுப்பாரு. நம்ம சென்னைலயும் இருந்தாங்க. ஜார்ஜ் டவுன்ல ஆர்மீனியக்காரன் தெருவ நம்ம ஜனங்க அரண்மனைக்காரன் தெரு ஆக்கினது தெரிஞ்ச கதைதான், அரண்மனையே இல்லாத தெரு. அடையாறு மேல மர்மலாங் பாலம் கட்டின கோஜா பெட்ரஸ் உஸ்கான் அந்தக் கூட்டத்துப் பெரிய வியாபாரி. 1746ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சப்போ பாண்டிச்சேரிக்கு வந்துடுங்க, சொத்தைத் தொடமாட்டோம்னு கூப்பிட்டாங்க, அவர் போகல. சண்டை நடுவுல வியாபாரியோட சொத்து யாரோடது, அவர் எந்தப் பக்கத்து ஆளுன்னு கேக்குறது அந்தக் காலத்துல வயித்தக் கலக்குற கேள்வி.

சாந்தா கத்தரினா வழக்கு லண்டன் கோர்ட்டுக்குப் போச்சு. கப்பல்ல இருந்த தபால் மூட்டையும் சாட்சியமா போச்சு. ஆயிரத்துக்கும் மேல கடிதங்க, பெரும்பாலும் ஜுல்ஃபா ஆர்மீனிய வட்டார வழக்குல எழுதினது, வெளியாளுக்கு லேசுல புரியாது. எந்த ஊர்ல எந்தச் சரக்கு என்ன விலைக்குப் போகுது, எந்தக் கப்பல் வந்துச்சு, யாரு யாருக்குப் பாக்கி, வீட்டு விஷயம்னு எல்லாம் கலந்து கிடக்கு. போய்ச் சேர்ந்திருந்தா என்னைக்கோ செல்லரிச்சுப் போயிருக்கும், சேராததனால இன்னைக்கும் லண்டன் கியூல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. அங்க இந்த மாதிரி 1652லேர்ந்து 1815 வரைக்கும் பிடிபட்ட 35,000க்கும் மேற்பட்ட கப்பல்களோட காகிதம் இருக்கு, போய்ச் சேராத கடிதம் மட்டும் சுமார் 1,60,000.

இந்தக் கோர்ட்டுக்கு ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. பிடிபட்ட கப்பலோட மாலுமி, கேப்டன், கூட வந்த வியாபாரி எல்லார்கிட்டயும் வரிசையா கேப்பாங்க. எங்க பொறந்தே, இப்ப எங்க குடியிருக்கே, எத்தனை வருஷமா, எந்த ராஜாவோட குடி, கப்பல் யாருது, சரக்கு யாருது, பிடிக்கும்போது எந்தக் கொடி பறந்துச்சு, காகிதம் எதையாவது எரிச்சியா, கடல்ல வீசினியா. இதுக்குச் சொன்ன பதிலை எழுத்தர் எழுதி வெச்சாரு. வேற எந்த ஏட்டுலயும் பேரே வராத சின்ன வியாபாரியோட பொறப்பு, வீடு, கடன், கூட்டாளி எல்லாம் நமக்குத் தெரியுறது இந்த பதில்களாலதான். ஒருத்தர் வாழ்க்கையத் திரும்பக் கட்டி எழுப்புற அளவுக்கு விஷயம் இருக்கிற ஆவணத்துக்குப் போய் 'பரிசு ஆவணங்கள்'னு பேரு.

இதோட விட்டாங்களா? பிடிச்சது சரிதான்னு கோர்ட்டு தீர்ப்பு சொன்னா இங்கிலீஷ்ல கப்பலை கண்டெம் பண்ணிட்டாங்கன்னு சொல்லுவாங்க. அத "நீதிமன்றம் கப்பலைக் கண்டித்தது"ன்னு போட்டிருக்கிறதைப் பாத்திருக்கேன். கப்பல் என்ன கிளாஸ்ல பேசிச்சா, கண்டிக்க?

சரி, மாத்துச் சொல்லு என்ன. தனித்தமிழ் பக்கத்துலேர்ந்து 'கொண்டி'ன்னு ஒரு யோசனை வருது. கேட்டவுடனே நல்லாத்தான் இருக்கு, சங்க காலத்துச் சொல்லு, கொள்றதுலேர்ந்து வந்தது, பகைவர்கிட்டேர்ந்து எடுத்துட்டு வந்ததைக் குறிக்கும். பட்டினப்பாலைல கொண்டி மகளிர் வர்றாங்க, சண்டைல பிடிச்சுட்டு வந்த பொண்ணுங்க. இன்னொரு வாதமும் சொல்றாங்க, அது எனக்கே புடிச்சிருந்துச்சு: ஊர்ல பயிர மேயிற மாடு கொண்டி மாடு, அதைப் பிடிச்சு அடைக்கிற பட்டி கொண்டித்தொழு, அங்கயும் பிடிச்சு வெச்சுட்டு அப்புறம்தான் பஞ்சாயத்து, ப்ரைஸ் கோர்ட்டும் அதே மாதிரிதானேன்னு. ஆனா யோசிச்சுப் பாருங்க, கொண்டி மாடுன்னா தப்பு பண்ணின மாடு. கப்பலைப் பிடிச்சது சரிதானாங்கிறதுதான் கோர்ட்டோட கேள்வியே, அந்தக் கேள்விக்குப் பேரு வைக்கும்போதே பதிலையும் சேத்து வெச்சா எப்படி? அப்புறம் இன்னைக்கு யாருகிட்டயாவது கொண்டின்னு சொல்லிப் பாருங்க, கதவைப் பாப்பாங்க. கொண்டி போட்டியா, கொண்டி மாட்டினியா, இதுதான் பேச்சுல உயிரோட இருக்கு. 'கொண்டி மன்றம்'னு போட்டா ஏதோ பூட்டு சாவிக் கடைக்காரங்க சங்கம் மாதிரி இருக்கு. சங்க இலக்கியத்துல இருக்கு, அதனால இன்னைக்கு ஓடும்னு நினைக்கிறது நம்மாளுங்களோட தீராத வியாதி. சொல்லு பழசா இருக்கிறது ஒரு தகுதி இல்லீங்க, கேக்குறவன் தலைல சரியான படம் விழுதான்னு பாக்கணும்.

'கொள்ளை'ன்னு போடச் சொல்றவங்களும் இருக்காங்க, காலனியக் கோபம் புரியுது. ஆனா கொள்ளைக்கும் ப்ரைஸுக்கும் நடுவுல இருக்கிற அந்த மெல்லிசான கோட்டுலதான் ஆளுங்க தூக்குல தொங்கியிருக்காங்க. இங்கிலாந்து அரசாங்கத்துகிட்ட லைசன்ஸ் வாங்கின கேப்டன் கிட் 1698 ஜனவரில கேரளக் கரைப் பக்கம் 'க்வெடா மெர்ச்சன்ட்'னு ஒரு கப்பலைப் பிடிச்சாரு, அதுவும் ஆர்மீனியர்கள் வாடகைக்கு எடுத்த கப்பல்தான், பட்டும் மஸ்லினும் சர்க்கரையும் ஏத்தியிருந்தது. அதுகிட்ட பிரெஞ்சு பாஸ், அதாவது பிரெஞ்சுக்காரங்க குடுத்த அனுமதிச் சீட்டு இருந்துச்சு, என்கிட்ட பிரெஞ்சுக் கப்பலைப் பிடிக்க லைசன்ஸ் இருக்கு, அதனால இது முறையான ப்ரைஸ்னு அவர் வாதம். 1701ல லண்டன்ல விசாரணை நடந்தப்போ அந்த பாஸ் காகிதம் அவர் கைல இல்ல. கொலைக் குற்றச்சாட்டும் சேந்துக்கிச்சு, மே 23ல தூக்குல போட்டாங்க. அந்த பாஸ் இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல லண்டன் அரசு ஆவணங்களுக்கு நடுவுல கிடைச்சுது! பாஸ் இருந்திருந்தா விட்டிருப்பாங்களாங்கிறது வேற சண்டை. ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டா இந்த வழக்கே படிக்கிறவங்களுக்குப் புரியாது. 'பறிமுதல்'லயும் அதே சிக்கல், அது தீர்ப்புக்கு அப்புறம் வரவேண்டியது.

ஆனா சொல்லுக்கு நாம எங்கயும் அலைய வேணாம், பேப்பர்லயே தினம் இருக்கு. இலங்கைக் கடற்படை ராமேஸ்வரம் படகுகளை என்ன பண்ணுதுன்னு போடறாங்க? சிறைபிடிச்சுது. அந்த ஊர்க் கோர்ட்டு உத்தரவு போட்டா? நாட்டுடைமை. மெட்ராஸ் ஐகோர்ட்டு கடன் பாக்கிக்காக ஒரு கப்பலை நிறுத்தி வெச்சாலும் சிறைபிடிக்க உத்தரவுதான். இது ரெண்டும் ப்ரைஸ் சட்டம் இல்ல, சண்டைக்கால வழக்கு இல்ல, ஆனா பிடிக்கிறது ஒரு கட்டம், தீர்ப்பு இன்னொரு கட்டம்னு பிரிச்சு வெச்சிருக்கிறது எவ்வளவு தெளிவு பாருங்க. மேல சொன்ன ப்ரிசன் வேரும் நம்ம சிறையும் ஒரே இடத்துல வந்து நிக்குறது வேற கூடுதல் ருசி. 'சிறைக்கப்பல்'னு சுருக்கிடாதீங்க, அது கைதிகளை அடைக்கிற கப்பலாயிடும்.

அதனால நான் எழுதும்போது கப்பல் 'பிடிகப்பல்', சரக்கு 'பிடிசரக்கு', கோர்ட்டு 'கடற்பிடி நீதிமன்றம்'. தீர்ப்புக்கு புதுசா எதையும் கண்டுபிடிக்க வேணாம், 'பிடி செல்லும்', 'பிடி செல்லாது', அவ்வளவுதான். தேர்தல் வழக்குலேர்ந்து உயில் வழக்கு வரைக்கும் நம்ம ஜனங்க செல்லும் செல்லாதுன்னுதான் பேசுறாங்க, வக்கீலுக்கும் புரியும், டீக்கடைக்கும் புரியும்.

மாலுமிங்களுக்குக் குடுத்த காசு பரிசுதானேன்னு ஒரு வாதம் வரும், அதையும் சொல்லிடறேன். 1708 சட்டப்படி பிடிகப்பல் வித்த காசுல பெரும்பங்கு கேப்டனுக்கு, எட்டுல மூணு பங்கு, மேல அட்மிரல் இருந்தா அதுல ஒரு பங்கு அவருக்கு, மிச்சம் படிப்படியா கீழ வரும். யாரும் அவங்க வீரத்த மெச்சி எடுத்துக் குடுத்தது இல்ல, வித்த காசுல விகிதம் பிரிச்சது. அது 'பிடிபங்கு'.

அட்மிரால்டிய 'கடற்படை'ன்னு போடுறதும் நிக்கணும். கடற்படை நீதிமன்றம்னா சிப்பாயை விசாரிக்கிற இடம், இது சரக்கு, கடன், மோதல்னு கடல் வழக்கு எல்லாம் வர்ற இடம், 'கடல்வழக்கு நீதிமன்றம்'னா போதும். மொழிபெயர்க்குறவங்க மேல மட்டும் கோபப்பட்டும் பிரயோஜனமில்ல, பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி குடுத்து நாளைக்கே வேணும்னு கேட்டா அகராதில முதல் அர்த்தத்தைத்தான் எடுப்பாங்க, இப்ப அந்த வேலைய மெஷின் இன்னும் வேகமா பண்ணுது. கப்பல வாடகைக்கு எடுக்குற ஒப்பந்தத்துக்கு சார்ட்டர் பார்ட்டின்னு பேரு, அது எந்த நிமிஷம் கட்சியா மாறப் போகுதோன்னு பயந்துட்டு இருக்கேன்.

கப்பலோட பேரா வந்தா மட்டும் கை வைக்காதீங்க. 1746ல நாகப்பட்டினம் பக்கத்துல பிரெஞ்சுக் கப்பல் அணித் தலைவர் லா பூர்தொனேயோட மோதின பிரிட்டிஷ் அணியில 'மெட்வேஸ் ப்ரைஸ்'னு ஒரு கப்பல் இருந்துச்சு, 'மெட்வே' கப்பல் பிரெஞ்சுக்காரங்ககிட்ட பிடிச்சதை அப்படியே படைல சேத்துக்கிட்டாங்க. அத 'மெட்வேயின் பரிசு'ன்னும் போட வேணாம், 'மெட்வே பிடி'ன்னும் போட வேணாம், பேரை பேரா விட்டுட்டு பக்கத்துல ஒரு வரி விளக்கம் குடுத்தா போதும்.