ஒரே களஞ்சியத்திலிருந்து மேகத்துக்கு: சர்வர்லெஸ் பின்புலம் இயங்கும் விதம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையின்போது, காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்படிப்பட்ட இரவில், பாபநாசம் அணையின் நீர்மட்டம் எவ்வளவு, மணிமுத்தாற்றில் எவ்வளவு தண்ணீர் திறந்துவிடுகிறார்கள் என்று அறிய தாமிரபரணிக் கரை முழுவதும் ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுக்கும். மற்ற நாள்களில் பிசானப் பருவ நெல் நடவுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று பார்க்கும் விவசாயிகள் சிலரே இருப்பார்கள். அணை நீர்மட்டத்தைத் தெரிவிக்கும் இணையச் சேவை ஒன்றை நாம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வெள்ள நாளின் கூட்டத்தைக் கணக்கிட்டு ஆண்டு முழுவதும் சர்வர்களை வாடகைக்கு வைத்திருந்தால் பணம் வீணாகும். சாதாரண நாளைக் கணக்கிட்டு வைத்தால், மக்களுக்கு மிகவும் தேவைப்படும் இரவில் அந்தச் சேவை முடங்கிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்ததுதான் சர்வர்லெஸ் முறை. அமேசான் 2014 நவம்பரில் லாம்ப்டா என்னும் சேவையை அறிவித்த பிறகு இது பரவலாயிற்று. தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் இயங்கும் ஜோஹோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் தளமும் இவ்வகையைச் சேர்ந்ததே. சர்வர் இல்லாமல் எதுவும் இயங்குவதில்லை. மும்பை போன்ற ஊர்களில் உள்ள தரவு மையங்களில் சர்வர்கள் இருக்கவே செய்கின்றன; இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் அவற்றையே மேகம் என்கிறோம். அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு மட்டும் நம்மிடமிருந்து நீங்கிவிடுகிறது. நாம் கொடுப்பது ஃபங்ஷன் எனப்படும் சிறு நிரல்களை மட்டுமே. கோரிக்கை ஒன்று வந்ததும் அதற்கென ஒரு சிறு மெய்நிகர் இயந்திரம் எழுப்பப்பட்டு, அதற்குள் நிரல் ஏற்றப்பட்டு இயங்குகிறது. லாம்ப்டாவுக்கு அடியில் இருக்கும் ஃபயர்கிராக்கர் என்னும் மென்பொருள், அத்தகைய இயந்திரம் ஒன்றைச் சுமார் 125 மில்லி விநாடியில் எழுப்ப வல்லது. வேலை முடிந்தபின் அந்த இயந்திரம் சிறிது நேரம் அடுத்த கோரிக்கைக்காகக் காத்திருந்து, எதுவும் வராவிட்டால் கலைக்கப்படும். எனவே நினைவில் நிற்க வேண்டிய எதையும் நிரல் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் வெளியே ஒரு தரவுத்தளத்தில் எழுதிவிட வேண்டும். லாம்ப்டாவில் ஒரு ஃபங்ஷன் ஒரு தடவை இயங்கக்கூடிய நேரம் அதிகபட்சம் 15 நிமிடம். அதன் கட்டணமோ 2020 டிசம்பர் முதல் மில்லி விநாடிக் கணக்கில் விதிக்கப்படுகிறது.

நம் சேவையில் அளவுகளைப் பெற்றுப் பதியும் ஃபங்ஷன் ஒன்று, கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஃபங்ஷன் ஒன்று, அன்றாடப் பட்டியலைக் காட்டும் ஃபங்ஷன் ஒன்று என்று பல இருக்கும். பாபநாசத்தின் முழுக் கொள்ளளவு 143 அடி, மணிமுத்தாற்றின் அளவு 118 அடி என்பன போன்ற விவரங்கள் இவற்றுள் பலவற்றுக்குப் பொதுவாகத் தேவைப்படும். அவற்றை நூலகம் எனப்படும் பொது நிரல் தொகுப்பில் வைப்போம். ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனிக் களஞ்சியத்தில், அதாவது நிரல்களைச் சேமித்து அவற்றின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் இடத்தில் வைத்தால், அந்தப் பொது நூலகத்தில் செய்யும் ஒரு சிறு திருத்தத்தை எல்லாவற்றுக்கும் கொண்டுசேர்ப்பதே பெரும் வேலையாகிவிடும். அனைத்தையும் ஒரே களஞ்சியத்தில் வைப்பதற்கு மோனோரெப்போ என்று பெயர். இம்முறைக்குக் கூகுள் நிறுவனமே பெரிய எடுத்துக்காட்டு. 2015 தொடக்கத்தில் அதன் ஒற்றைக் களஞ்சியத்தில் சுமார் 200 கோடி வரி நிரல் இருந்தது.

ஆனால் ஒன்றாக வைத்திருப்பதாலேயே, எதைத் தொட்டாலும் எல்லாவற்றையும் மீண்டும் பில்டு செய்து, அதாவது இயங்கத் தயாரான பொதிகளாக்கி, மேகத்துக்கு அனுப்பும் நிலை வந்துவிடக் கூடாது. எதை அனுப்ப வேண்டாம் என்று அறிவதே இந்த முறையின் உயிர் என்பது என் உறுதியான கருத்து. தாமிரபரணிப் பாசனத்தைப் பார்த்தால் இது விளங்கும். கன்னடியன் கால்வாயில் மராமத்து நடந்தால், அதை நம்பியிருக்கும் சேரன்மகாதேவிப் பக்கத்துக் குளங்களுக்குத்தான் அந்தச் செய்தி போக வேண்டும். பழவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பாளையங்கால்வாய்க்காரர்களுக்கு அது தேவையில்லை. பாபநாசத்திலேயே மாற்றம் என்றால் எல்லாக் கால்வாய்களுக்கும் தெரிந்தாக வேண்டும். என்எக்ஸ், டர்போரெப்போ, பேசல் போன்ற கருவிகள் எந்த நிரல் எதைச் சார்ந்திருக்கிறது என்னும் வரைபடத்தை வைத்துக்கொண்டு, மாறிய கோப்பிலிருந்து கீழ்நோக்கிச் சென்று, பாதிக்கப்படும் ஃபங்ஷன்களை மட்டும் கண்டெடுக்கின்றன.

ஒரு நிரல் மாறிவிட்டதா என்பதை ஹேஷ் எனப்படும் கைரேகை எண் காட்டிக்கொடுக்கிறது. மூலக் கோப்புகள், அவை சார்ந்துள்ள நூலகங்களின் பதிப்புகள், பில்டு அமைப்புகள் ஆகிய அனைத்தையும் சேர்த்து ஒரு ஹேஷ் கணக்கிடப்படுகிறது; ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். அதே எண் ஏற்கெனவே சேமிப்பில் இருந்தால், முன்பு உருவாக்கிய பொதியையே எடுத்துக்கொள்ளலாம். இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. ஜிப் கோப்பு தனக்குள் ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய நேரத்தையும் பதிந்துவைப்பதால், உள்ளடக்கம் மாறாதபோதும் ஜிப்பின் ஹேஷ் மாறிவிடும். அந்த ஹேஷை நம்பினால் எல்லா ஃபங்ஷன்களும் ஒவ்வொரு முறையும் வீணாக அனுப்பப்படும். இதற்கு நேர்மாறான பிழை மேலும் கொடியது. அணைக் கொள்ளளவு அட்டவணையை வேறொரு அடைவில் (ஃபோல்டரில்) தனிக் கோப்பாக வைத்து, நிரல் அதைப் பெயர் சொல்லித் திறந்து படிக்குமானால், அந்த உறவு வரைபடத்தில் தோன்றாமல் போகலாம். அட்டவணை திருத்தப்படும், பில்டு நடக்காது, பழைய எண்களே மக்களுக்குப் போய்க்கொண்டிருக்கும். இத்தகைய கோப்புகளை உள்ளீடுகள் என்று கருவிக்கு வெளிப்படையாக அறிவித்தே ஆக வேண்டும்.

தேர்ந்தெடுத்த ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்கும் தேவையான நூலகப் பகுதிகளை மட்டும் திரட்டிச் சிறு பொதியாக்குகிறார்கள். லாம்ப்டாவில் ஜிப் பொதி விரித்த நிலையில் 250 எம்பியைத் தாண்டக் கூடாது என்பது ஒரு காரணம். பொதி சிறியதானால் முதல் கோரிக்கைக்கு ஏற்படும் தாமதமும் குறையும் என்பது மற்றொரு காரணம். பிறகு டெராஃபார்ம் போன்ற கருவி, நாம் எழுதிவைத்த அமைப்பையும் மேகத்தில் இப்போது உள்ள அமைப்பையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் நிறைவேற்றும். புதிய பதிப்புக்கு முதலில் நூற்றில் 10 கோரிக்கைகளை மட்டும் அனுப்பிப் பார்த்து, பிழை பெருகினால் பழைய பதிப்புக்கே திரும்பிவிடவும் வசதி உண்டு.

இவ்வளவு ஒழுங்காகச் செய்தபிறகும் கவனிக்க வேண்டிய ஒன்று மிஞ்சுகிறது. மோனோரெப்போவில் செய்தி அனுப்பும் ஃபங்ஷனையும் பெறும் ஃபங்ஷனையும் ஒரே கமிட்டில், அதாவது களஞ்சியத்தில் ஒரே பதிவாக, மாற்றிவிடலாம். மேகத்திலோ அவை ஒரே கணத்தில் மாறுவதில்லை. நீர்மட்டத்தை அடிக்குப் பதிலாக மீட்டரில் அனுப்பத் தீர்மானித்து, பதிவு ஃபங்ஷனையும் எச்சரிக்கை ஃபங்ஷனையும் ஒருசேரத் திருத்துகிறோம் என்று கொள்வோம். இரண்டுக்கும் நடுவே உள்ள செய்தி வரிசையில், பழைய ஃபங்ஷன் அடிக்கணக்கில் எழுதிய 120 என்ற எண் காத்திருக்கும். புதிய எச்சரிக்கை ஃபங்ஷன் அதை 120 மீட்டர் என்று படித்து, அணை நிரம்பி வழிவதாக ஊர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பிவிடும். களஞ்சியத்தில் ஓடிய சோதனைகள் புதியதைப் புதியதோடு மட்டுமே ஒப்பிட்டிருக்கும். ஆகவே இந்தப் பிழை அவற்றில் அகப்படாது.

அதனால் மாற்றத்தை மூன்று கமிட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். முதலில் எச்சரிக்கை ஃபங்ஷன் அடி, மீட்டர் என்ற இரண்டு பெயருள்ள புலங்களையும் புரிந்துகொள்ளுமாறு திருத்தப்படும். அது முழுமையாக இயங்கத் தொடங்கிய பின்னரே பதிவு ஃபங்ஷன் மீட்டர் புலத்தில் எழுதத் தொடங்கும். அமேசானின் செய்தி வரிசைச் சேவையான எஸ்க்யூஎஸ்ஸில் ஒரு செய்தி இயல்பாக 4 நாளும், அமைப்பை மாற்றினால் அதிகபட்சம் 14 நாளும் தங்கக்கூடும். அடிக்கணக்கைப் படிக்கும் வரிகளை நீக்கும் மூன்றாவது கமிட், இரண்டாவது கமிட் முழுமையாக மேகத்தை அடைந்து அந்தக் காலம் கழிந்த பிறகே புறப்பட வேண்டும்.