பஸ்ல ஒரு பையன் 'ஆச்சி'ன்னு கூப்பிட்ட பொறவு

போன மாசம் பாளையங்கோட்டையில இருந்து ஜங்ஷனுக்கு டவுன் பஸ்ல போனேன், ஒரே கூட்டம், ஒரு காலேஜ் பையன் சட்டுனு எந்திச்சு "ஆச்சி, உக்காருங்க"ன்னான். நல்ல பிள்ளைதான். ஆனா நான் யாரைச் சொல்லுதான்னு பின்னாடி திரும்பிப் பாத்தேன். எனக்கு 48 வயசு. வீடு வந்து சேர்ற வரைக்கும் அந்த ஒத்த வார்த்தை நெஞ்சுக்குள்ளயே கெடந்துச்சு.

2006-ல டென்மார்க் ஆளுங்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. மனசுக்குள்ள உங்களுக்கு என்ன வயசுன்னு கேட்டதுல 40 தாண்டினவங்க சராசரியா நெஜ வயசைவிட 20 சதவீதம் கொறச்சுச் சொல்லியிருக்காங்க. அந்தக் கணக்குக்கு எனக்கு உள்ளுக்குள்ள 38தான், பின்ன ஆச்சின்னா திரும்பிப் பாக்கத்தான செய்வேன்!

கண்ணாடி பெருசா காட்டிக்கொடுக்காது, தெனமும் பாக்குத முகம்லா. உடம்புதான் சொல்லும். ஊசியில நூல் கோக்க கையைத் தூரமா நீட்டுதோம், அது வெள்ளெழுத்து, கண்ணுக்குள்ள இருக்குத லென்ஸ் இறுகிப்போனதுனால வருது. அப்புறம் இந்தச் சூடு. தோசை ஊத்திக்கிட்டு நிக்கும்போது திடீர்னு நெஞ்சுல இருந்து கழுத்து, முகம்னு திகுதிகுன்னு ஏறி, ஜாக்கெட்டே நனைஞ்சு, அஞ்சு நிமிசத்துல குளிரும். மாதவிடாய் நிக்குத சமயத்துல ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் கொறையுது, அதனால மூளையில உடம்புச் சூட்டை அளக்குத ஹைபோதலாமஸ் ரொம்ப உஷாராயிடுது. முந்தி கொஞ்சம் சூடு ஏறுனா கண்டுக்கிடாது, இப்போ துளி ஏறுனாலே தோல்ல இருக்குத ரத்தக் குழாயை விரிச்சு வேர்வையை ஊத்த வச்சிரும். இது மனப்பிரமை கெடையாது, வீட்டு ஆம்பளைங்க இதைத் தெரிஞ்சுக்கிடணும்.

ஆனா ஒரே மாற்றத்தை எல்லாரும் ஒரே மாதிரி எடுத்துக்கிடுதது இல்ல. 1975-ல மார்ஷா ஃபிளின்ட்ங்கிற ஆராய்ச்சியாளர் நம்ம நாட்டு ராஜபுத்திரப் பெண்களைப் பத்தி எழுதுனாங்க. மாதவிடாய் நின்னதுல பெருசா தொந்தரவு எதுவும் அவங்க சொல்லல, ஏன்னா அதுக்கப்புறம்தான் அவங்களுக்கு முக்காடு, கட்டுப்பாடெல்லாம் விலகி, ஆம்பளைங்க இருக்குத எடத்துல உக்காந்து பேச முடிஞ்சுது. இதைப் படிச்சதும் எங்க அம்மா ஞாபகம்தான். நின்னு ஒரு வருசம் ஆனப்போ "இனி தேரோட்டத்துக்குத் தேதி எண்ண வேண்டாம்ட்டி"ன்னு சிரிச்சா, அந்த ஆனியில நெல்லையப்பர் தேரை நாலு ரதவீதியும் கூடவே நடந்து பாத்தா.

யேல் பல்கலைக்கழகத்துல பெக்கா லெவி 2002-ல வெளியிட்ட ஆய்வு இதைவிடப் பெருசு. அமெரிக்காவுல 50 தாண்டின 660 பேர்ல, தன்னோட முதுமையை நல்லவிதமா பாத்தவங்க மத்தவங்களைவிட சராசரியா 7.5 வருசம் கூட வாழ்ந்திருக்காங்க. அவங்க உடம்பு நெலமை, வசதி எல்லாத்தையும் கணக்குல எடுத்த பொறவும் வித்தியாசம் நின்னுச்சு. நெனப்பு மட்டுமே ஆயுசைக் கூட்டுதுன்னு நான் சொல்ல வரல. ஆனா சின்ன வயசுல இருந்து 'கெழவிக்கு எதுக்கு இது'ன்னு கேட்டே வளர்ந்தவ, தனக்கு 45 ஆனதும் அதையே தனக்குச் சொல்லிக்கிடுதா, நடக்கப் போறதை நிப்பாட்டுதா, முட்டு வலிச்சாலும் வயசுன்னு விட்டுருதா.

எங்க தெருவுல ஒரு மைனி அப்படித்தான் இருந்தாவ. மாதவிடாய் நின்னு ரெண்டு வருசம் கழிச்சு திரும்ப ரத்தம் பட்டிருக்கு, "வயசான உடம்புல்லா, அப்படித்தான் இருக்கும்"னு மூணு மாசம் யார்ட்டயும் சொல்லல. நின்னு ஒரு வருசம் ஆன பொறவு ஒரு சொட்டு பட்டாலும் அது வயசு இல்ல, கர்ப்பப்பையைப் பாத்தே ஆகணும், சில சமயம் அது புத்துநோயோட மொத அறிகுறி. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்.